கணுக்காலிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூச்சி, நண்டு, தேள், பூரான் பற்றி மாணவர்களும் பெற்றோரும் மீன் சந்தைக்குப் போய் வருகிறவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றை அவிழ்க்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

கணுக்காலி என்று எதைச் சொல்கிறோம்?

முதுகெலும்பு இல்லாத விலங்கு. உடல் கண்டம் கண்டமாகப் பிரிந்திருக்கும். கால்கள் மூட்டுகளில் மடங்கும். உடல் முழுவதையும் வெளியிலிருந்து ஓர் ஓடு மூடியிருக்கும். இவை எல்லாம் சேர்ந்திருந்தால் அது கணுக்காலி. நத்தைக்கு ஓடு உண்டு, ஆனால் மூட்டுள்ள கால் கிடையாது. மண்புழுவுக்குக் கண்டங்கள் உண்டு, ஓடும் இல்லை காலும் இல்லை. ஆகவே இரண்டும் வெளியே.

அறுத்துப் பார்த்தால் இன்னும் சில ஒற்றுமைகள் தெரியும். இதயம் முதுகுப் பக்கம் இருக்கும். முதன்மை நரம்பு வடம் வயிற்றுப் பக்கம் ஓடும். நமக்கு நேர் எதிர். ரத்தம் குழாய்களுக்குள் அடைபட்டு ஓடாமல் உடற்குழிக்குள் திறந்து, உறுப்புகளை நனைத்தபடி சுற்றி வரும்.

அப்படியானால் "பூச்சி", "புழு" என்று நாம் சொல்வதெல்லாம் கணுக்காலிதானா?

இல்லை. வீட்டுப் பேச்சில் இந்த இரண்டு சொற்களும் எதற்கு வேண்டுமானாலும் பொருந்தும். எட்டுக்கால் பூச்சி கணுக்காலிதான், ஆனால் பூச்சியினம் அல்ல. கம்பளிப்புழு புழுவே அல்ல, அந்துப்பூச்சியின் இளம்பருவம். குழந்தைகளின் வயிற்றில் இருக்கும் "பூச்சி" உருளைப்புழு; அது கணுக்காலி அல்ல. ரத்தம் உறிஞ்சும் அட்டை மண்புழுவின் உறவு. மழைக்காலத்தில் சுவரேறும் மரவட்டை கணுக்காலி. அட்டை, வட்டை என்று காதில் ஒன்றுபோல ஒலிப்பதால் இரண்டையும் சேர்த்துவிடுகிறவர்கள் நிறைய.

ஓடு எதனால் ஆனது? அதற்குள் இருந்துகொண்டு எப்படி வளர்கிறது?

கைட்டின் என்ற நார்ப்பொருளும் புரதமும் சேர்ந்து அடுக்கடுக்காகப் படிந்ததுதான் ஓடு. நண்டு, இறால் போன்றவற்றில் அதோடு சுண்ணாம்பும் சேரும். நண்டைக் கடிக்கப் பல்லுக்கு வேலை அதிகம், கரப்பானை மிதித்தால் உடனே நொறுங்குகிறது. அந்த வித்தியாசத்துக்குக் காரணம் இந்தச் சுண்ணாம்பு.

ஓடு ஒருமுறை இறுகிவிட்டால் பெரிதாகாது. அதனால் வளர வேண்டுமென்றால் கழற்றியே ஆக வேண்டும். பழைய ஓட்டுக்கு அடியில் மெல்லிய புதிய ஓடு மடிப்பு மடிப்பாக உருவாகும். பழையதில் இருக்கும் சத்தின் ஒரு பகுதியை உடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். பிறகு ஓடு ஒரு குறிப்பிட்ட கோட்டில் பிளக்கும். உயிர் அதன் வழியே தன்னை வெளியே இழுத்துக்கொள்ளும். கால் நுனி, மீசை (தலையிலிருந்து நீளும் உணர்கொம்பு) நுனி, கண்ணின் மேற்படலம், குடலின் முன்பகுதியில் உள்ள உட்பூச்சு வரை எல்லாம் உருவிக்கொண்டு வர வேண்டும். ஒரு கால் சிக்கினாலும் ஆபத்து. வெளியே வந்ததும் தண்ணீரையோ காற்றையோ விழுங்கி உடலை உப்ப வைக்கும். அந்த அளவிலேயே புதிய ஓடு இறுகும். எக்டைசோன் என்ற ஹார்மோன் இந்த வேலையை முடுக்கிவிடுகிறது.

நண்டு இழந்த கால் மீண்டும் முளைப்பதும் இப்படித்தான். ஒரு தோலுரிப்பில் சிறிய காலாகத் தோன்றி, அடுத்தடுத்த தோலுரிப்புகளில் அளவுக்கு வரும்.

சந்தையில் பார்க்கப் பெரிதாக இருந்து, தூக்கினால் கனமில்லாத நண்டு அண்மையில் ஓடு மாற்றிய நண்டு. உப்பிய ஓட்டுக்குள் சதை இன்னும் நிறையவில்லை. கைக்குக் கனமாக இருப்பதை வாங்குங்கள்.

வெள்ளைக் கரப்பான் பார்த்தேன். அது வேறு இனமா?

வீட்டில் இருக்கும் அதே கரப்பான்தான், அப்போதுதான் தோலுரித்திருக்கிறது. சில மணி நேரத்தில் பழுப்பாகிவிடும். அதேபோல் மூலையில் "செத்துக் கிடக்கும்" சிலந்தியை ஊதிப் பாருங்கள். பறந்தால் அது சிலந்தி அல்ல, கழற்றிப்போட்ட சட்டை.

கணுக்காலிகளுக்கு ரத்தம் உண்டா?

உண்டு. நண்டு, இறால், தேள், சிலந்தி ஆகியவற்றின் ரத்தத்தில் இரும்புக்குப் பதிலாகச் செம்பு கொண்ட ஹீமோசயனின் இருக்கிறது. ஆக்சிஜன் ஏறினால் நீலமாகும். பூச்சிகளில் மூச்சுக்குழாய்கள் கிளை பிரிந்து திசுக்கள் வரை காற்றைக் கொண்டுபோய்விடுவதால் பெரும்பாலும் ரத்தத்துக்கு ஆக்சிஜன் சுமக்கும் வேலையே இல்லை. கொசுவை அடித்தால் கையில் ஒட்டும் சிவப்பு, நம்முடையது.

கணுக்காலிகளை எத்தனை பிரிவாகப் பிரிக்கிறார்கள்?

கணுக்காலிகள் விலங்குலகில் ஒரு தொகுதி. அதற்குக் கீழே துணைத்தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று படி இறங்கும். இன்று உயிரோடு இருப்பவற்றை வழக்கமாக நான்கு பெரும் பிரிவுகளில் அடக்குவார்கள்.

முதலாவது, கொடுக்குவாயுள்ளவை. சிலந்தி, தேள், உண்ணி, குதிரைலாட நண்டு ஆகியவை இதில் வரும். இவற்றுக்கு மீசை கிடையாது, தாடையும் கிடையாது. வாயருகே கடிப்பதற்கோ கிள்ளுவதற்கோ ஒரு இணை உறுப்பு இருக்கும். இரண்டாவது, பல்காலிகள்: பூரான், மரவட்டை. மூன்றாவது, ஓடுடையவை என்று பாடநூல்கள் சொல்லும் நண்டு, இறால், பார்னக்கிள் கூட்டம். நான்காவது, ஆறுகாலிகள், பூச்சிகள் எல்லாம் இதற்குள்.

அழிந்துபோன டிரைலோபைட்டுகளைத் தனிப் பிரிவாக வைப்பது வழக்கம். சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் தோன்றி, 25 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த பேரழிவோடு முடிந்துபோன கூட்டம் அது. இமயமலையின் ஸ்பிதி பள்ளத்தாக்கில் இவற்றின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. அந்த மலை ஒரு காலத்தில் கடலடியாக இருந்ததற்கு இதுவும் ஒரு சாட்சி.

இந்த நான்கு பிரிவுகளில் மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையிலுள்ள சுவர் இன்று இடிந்துவிட்டது. அதைப் பிறகு பார்ப்போம்.

கால்களை எண்ணினால் போதாதா? ஆறு என்றால் பூச்சி, எட்டு என்றால் சிலந்தி, பத்து என்றால் நண்டு என்றுதானே படித்தோம்?

தொடக்கத்துக்கு அது சரி. ஆனால் கால் எண்ணிக்கையை மட்டும் நம்பினால் அடிக்கடி ஏமாறுவீர்கள்.

உண்ணி முட்டையிலிருந்து வரும்போது ஆறு கால்தான். அடுத்த தோலுரிப்பில்தான் எட்டாகிறது. மரவட்டைகளில் பெரும்பாலானவை மூன்று இணைக் கால்களோடு பிறந்து, ஒவ்வொரு தோலுரிப்பிலும் கூட்டிக்கொண்டே போகின்றன. வண்ணத்துப்பூச்சியின் புழு பருவத்தில் மூன்று இணை உண்மைக் கால்களுக்குப் பின்னால் சதைப்பற்றுள்ள பொய்க்கால்களும் இருக்கும். ஈரமண்ணைக் கிளறினால் துள்ளும் வில்வாலிகளுக்கு ஆறு கால் உண்டு. ஆனால் வாயுறுப்புகள் தலைக்குள் ஒடுங்கியிருப்பதால் அவற்றைப் பூச்சிகளிலிருந்து பிரித்து, ஆறுகாலிகளுக்குள் தனியாக வைக்கிறார்கள்.

எண்ணிக்கையைவிட முக்கியம், எந்த உறுப்பு எந்தக் கண்டத்தில் முளைக்கிறது என்பது. தேளுக்கும் நண்டுக்கும் கிடுக்கி உண்டு. நண்டின் கிடுக்கி, அதன் நடக்கும் கால்களில் முதல் இணை. தேளின் கிடுக்கி காலே அல்ல. வாயருகே உள்ள உணரும் உறுப்பு அப்படி வளர்ந்திருக்கிறது. சிலந்தியின் முகத்துக்கு முன்னால் குட்டிக் காலாக நீண்டிருப்பதும் அதே உறுப்புதான். பார்வைக்கு நண்டும் தேளும் ஒன்று. உறுப்பின் பூர்வீகத்தைக் கேட்டால் தேளும் சிலந்தியும் ஒன்று. வகைப்பாட்டில் இரண்டாவதுதான் செல்லும்.

பூரானுக்கு நூறு கால் உண்டா?

சரியாக நூறு கால் இருக்கவே முடியாது. முதிர்ந்த பூரான்களில் கால் இணைகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படை. நூறு கால் என்றால் ஐம்பது இணை, அது இரட்டைப்படை. வீட்டில் வரும் பெரிய பூரான்களுக்குப் பெரும்பாலும் 21 இணை.

இன்னொன்று, பூரான் வாயால் கடிப்பதில்லை. தலைக்கு அடுத்த கண்டத்தின் கால்கள் நச்சுக் கொக்கிகளாக மாறியிருக்கின்றன. அவற்றால்தான் குத்துகிறது.

மரவட்டையும் பூரானும் ஒன்றா? ரயில் பூச்சி என்பது எது?

ரயில் பூச்சி, மரவட்டைதான். பூரானுக்குக் கண்டத்துக்கு ஓர் இணைக் கால். மரவட்டைக்குப் பெரும்பாலான கண்டங்களில் இரண்டு இணை, ஏனெனில் அங்கே இரண்டு கண்டங்கள் ஒன்றாகப் பிணைந்திருக்கின்றன. பூரான் வேட்டையாடும், வேகமாக ஓடும். மரவட்டை மக்கிய இலையைத் தின்னும், தொட்டால் சுருளும், சில வகைகள் எரிச்சலூட்டும் திரவத்தைக் கசியவிடும். கடிக்காது.

ஆயிரம் கால் என்பது நெடுங்காலம் பேச்சுக்குச் சொன்னதாகவே இருந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் கனிமத்துக்காகத் துளையிட்ட குழியில், 60 மீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒரு மரவட்டைக்கு 1,306 கால்கள் இருந்தன. 2021-ல் அதற்கு யூமில்லிப்பீஸ் பெர்செஃபோனே என்று பெயரிட்டார்கள். வெளிறிய நிறம், கண் கிடையாது.

சிலந்தி செத்தால் ஏன் கால்களை மடக்கிக்கொள்கிறது?

சிலந்தியின் காலில் முக்கியமான சில மூட்டுகளை மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை இல்லை. உடல் திரவத்தை அழுத்தி உள்ளே செலுத்தித்தான் காலை நீட்டுகிறது. உயிர் போனதும் அழுத்தம் போய்விடுகிறது. மடக்கும் தசை மட்டும் வென்றுவிடுகிறது.

பெரிய கருந்தேளா, சிறிய செந்தேளா, எது ஆபத்து?

சிறிய செந்தேள். ஹாட்டென்டோட்டா டாமுலஸ் என்ற இந்தியச் செந்தேள், இதயத்தையும் நுரையீரலையும் தாக்கும் நஞ்சு கொண்டது, குழந்தைகளுக்கு உயிராபத்து. நட்டுவாக்காலி என்று நாம் மிரளும் பெரிய கருந்தேள் கொட்டினால் வலி கடுமையாக இருக்கும், ஆனால் அதன் பலம் கிடுக்கியில்தான். பொதுவாகக் கிடுக்கி தடித்து வால் மெலிந்த தேளைவிட, கிடுக்கி மெலிந்து வால் தடித்த தேளுக்கு அதிகம் அஞ்ச வேண்டும். இது முழு உத்தரவாதமுள்ள விதியல்ல. யார் கொட்டுப்பட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், மந்திரிக்க அல்ல. மஹாராஷ்டிரத்தின் மஹாட் ஊரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், 1980-களில் பிரசோசின் என்ற ரத்த அழுத்த மருந்தைத் தேள்கடிக்குப் பயன்படுத்திக் காட்டியதால் எத்தனையோ உயிர்கள் தப்பின.

முதல் மழைக்குப் பின் வயலில் ஊரும் சிவப்பு வெல்வெட் பூச்சி எந்த வகை?

தம்பலப்பூச்சி, பட்டுப்பூச்சி என்று ஊருக்கு ஒரு பெயர். சங்கப் பாடல்களில் மூதாய் என்று வருவது இதுவே. உள்ளங்கையில் விட்டு எண்ணிப் பாருங்கள், எட்டு கால். உண்ணிகளின் கூட்டத்தைச் சேர்ந்தது, சிலந்திக்கு உறவு. இது நம்மை ஒன்றும் செய்யாது. ஆனால் இதன் நெருங்கிய உறவான இன்னொரு சிற்றுண்ணிக் குடும்பத்தின் ஆறுகால் இளம்பருவம் கடித்துத்தான் ஸ்கரப் டைபஸ் என்ற உண்ணிக்காய்ச்சல் பரவுகிறது. புதர் ஓரம் போய்வந்த பிறகு நீடிக்கும் காய்ச்சலும், உடலில் எங்கோ சிகரெட் சூடு பட்டதைப் போன்ற கறுத்த புண்ணும் இருந்தால் மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள்.

ஓர் இறாலை வைத்துக் கணுக்காலியின் உடலை விளக்க முடியுமா?

அதைவிட நல்ல பாடப்பொருள் கிடையாது. பாடம் முடிந்ததும் வீணாகாது என்பது கூடுதல் வசதி. தலை நீக்காத ஓர் இறாலை ஈரத் தட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னால் ரம்பப் பல்லோடு நீட்டிக்கொண்டிருக்கும் கூர்முனைக்கு அடியில், காம்பின் மேல் இரண்டு கண்கள். அதற்குக் கீழே இரண்டு இணை மீசைகள்: குட்டையான ஓர் இணை, உடலைவிட நீண்ட ஓர் இணை. இரண்டு இணை மீசை இருந்தால் அது ஓடுடைய கூட்டம். பூச்சிக்கும் பூரானுக்கும் ஓர் இணைதான். இறாலைத் திருப்பிப் போட்டு வாயைச் சுற்றி ஊசியால் விலக்கினால் கடினமான தாடை ஓர் இணை, அதன் மேல் மெல்லிய துணைத்தாடைகள் இரண்டு இணை, பிறகு உணவைப் பிடித்துத் தள்ளும் தாடைக்கால்கள் மூன்று இணை வரும். அடுத்து நடக்கும் கால் ஐந்து இணை. வயிற்றுக்கு அடியில் நீந்தும் கால் ஐந்து இணை. கடைசியில் வால் விசிறியின் இரு பக்க மடல்கள் ஓர் இணை. கூட்டினால் 19. மீசை முதல் வால் மடல் வரை எல்லாமே அடிப்படையில் ஒரே வகை உறுப்பு. கண்டத்துக்குக் கண்டம் வேலை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கணுக்காலிகள் உலகை ஆள்வதற்கு இதுவே காரணம் என்பது என் கட்சி: புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, இருக்கும் காலில் ஒன்றை மாற்றிக்கொண்டால் போதும்.

முதுகைக் கீறி நாம் உருவி எறியும் கறுப்பு நூல், நரம்பல்ல, குடல். உண்மையான நரம்பு வடம் வயிற்றுப் பக்கம் இருக்கிறது. இதயம் "தலை" என்று நாம் கிள்ளிப்போடும் பகுதியில்தான் இருக்கிறது, ஏனெனில் அது வெறும் தலையல்ல, தலையும் மார்பும் சேர்ந்த பகுதி. நாம் சாப்பிடுவது வயிறு.

இன்னும் ஒன்று. வயிற்று ஓடுகள் ஓட்டுவீட்டின் ஓடுகளைப்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். முதல் ஓட்டின் பக்கமடல் இரண்டாவதன் மேல் படிந்து, வரிசையாக அப்படியே போனால் அது வனாமி, வெள்ளை இறால், வரி இறால் கூட்டம். இரண்டாவது ஓட்டின் மடல் முன்னும் பின்னும் இரண்டையும் மூடியிருந்தால் அது ஆற்று இறால் கூட்டம். முதல் கூட்டத்தில் முதல் மூன்று இணை நடக்கும் கால்களிலும் சிறு கிடுக்கி இருக்கும். இரண்டாவதில் முதல் இரண்டில் மட்டும். முதல் கூட்டம் முட்டையை நீரில் விட்டுவிடும், இரண்டாவது வயிற்றுக்கு அடியில் சுமக்கும். ஆகவே முட்டையோடு வரும் இறாலைக் "கடல் வனாமி" என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள். சமையலறையில் இரண்டும் இறால். வகைப்பாட்டில் வெவ்வேறு துணைவரிசைகள்.

வெந்தால் ஏன் சிவக்கிறது?

அஸ்டாசாந்தின் என்ற செந்நிறப் பொருள் ஓட்டில் முன்பே இருக்கிறது. ஒரு புரதம் அதைப் பற்றிக்கொண்டு நிறத்தை நீலமாகவும் சாம்பலாகவும் காட்டுகிறது. சூட்டில் புரதம் குலைந்ததும் சிவப்பு வெளிப்படுகிறது.

இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தூசியும் ஒத்துக்கொள்வதில்லையே, தொடர்பு உண்டா?

சிலருக்கு உண்டு. டிரோப்போமயோசின் என்ற தசைப்புரதம் இறால், நண்டு, கரப்பான், வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுண்ணி ஆகிய எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே வடிவில் இருக்கிறது. ஒன்றுக்கு எதிராகப் பழகிய உடலின் எதிர்ப்பு இன்னொன்றையும் பிடித்துக்கொள்கிறது. பொரித்த வெட்டுக்கிளி, பூச்சி மாவு போன்றவற்றைச் சுவைத்துப் பார்க்க விரும்பும் இறால் ஒவ்வாமைக்காரர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்பது நல்லது.

படகின் அடியில் ஒட்டிக்கொள்ளும் பார்னக்கிள் சிப்பியினம் இல்லையா?

நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். சுண்ணாம்புக் கூடு, அசையாத வாழ்க்கை, வேறென்ன தோன்றும்? ஜான் வாகன் தாம்சன் 1830-ல் அதன் இளம்பருவத்தை வளர்த்துப் பார்த்தார். நீந்தித் திரியும் அந்த இளம்பருவம் இறால் கூட்டத்துக்கே உரியது. வளர்ந்ததும் தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, கூட்டுக்குள்ளிருந்து கால்களை நீட்டி உணவைத் துழாவிப் பிடிக்கிறது. சார்ல்ஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் இவற்றை மட்டுமே அறுத்துக்கொண்டிருந்தார். பரிணாமக் கோட்பாட்டை மேசைக்குள் பூட்டி வைத்துக்கொண்டு அவர் செய்த வேலை இது.

மீனின் வாய்க்குள் வெள்ளையாக ஒரு பூச்சி இருந்தது. என்ன அது?

ஒட்டுண்ணியாக வாழும் ஒரு சமகாலி (ஐசோபாட் என்ற வரிசையைச் சேர்ந்தது). அதுவும் ஓடுடைய கூட்டம்தான். பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் சாம்பல் நிறத்தில் உருண்டுகொள்ளும் ஜீவனும் இதே வரிசை. கடலைவிட்டு நிலத்துக்குக் குடிவந்த ஓடுடையவைகளில் அது முக்கியமானது. ஆனாலும் ஈரம் இல்லாமல் அதனால் வாழ முடியாது.

பூச்சிகள் இறால் கூட்டத்துக்குள் அடங்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. கணுக்காலி வகைப்பாட்டில் கடந்த சில பத்தாண்டுகளில் நடந்த மிகப் பெரிய மாற்றம் இதுதான்.

பூச்சிக்கும் பூரானுக்கும் ஓர் இணை மீசை, மூச்சுக்குழாய், கிளைபிரியாத கால்கள். அதனால் இரண்டும் உடன்பிறப்புகள், இறால் தூரத்து உறவு என்று 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கற்பித்தார்கள். 1990-களில் மரபணு ஆய்வுகள் வேறு கதை சொல்லத் தொடங்கின. பூச்சிகளிலும் ஓடுடையவைகளிலும் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் உறுப்பு) மரபணுக்கள் ஒரே மாதிரி இடம் மாறியிருந்தன. பூரானில் அந்த மாற்றம் இல்லை. பின்னர் பல மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வுகளும் அதையே உறுதி செய்தன. அப்படியானால் மூச்சுக்குழாய்? நிலத்துக்கு வந்த பூச்சியும் பூரானும் தனித்தனியே உருவாக்கிக்கொண்டவை.

பூச்சிக்கு மிக நெருங்கிய உறவு எது என்று தேடினால் விடை வினோதமானது: கடலோரக் குகைகளின் இருட்டு நீரில் மல்லாந்து நீந்தும், கண்ணில்லாத ரெமிப்பீடுகள். உயிருள்ள ரெமிப்பீடு ஒன்றைப் பஹாமாஸ் தீவுக் குகையிலிருந்து ஜில் யேகர் விவரித்தது 1981-ல்தான். தட்டான்பூச்சிக்கு ரெமிப்பீடு நெருக்கம். ரெமிப்பீடுக்கு நண்டைவிடத் தட்டான் நெருக்கம். ஆகவே பூச்சிகளை வெளியே வைத்துவிட்டு மீதியை மட்டும் "ஓடுடையவை" என்று அழைத்தால், ஒரு குடும்பப் படத்தில் ஒரு பிள்ளையை வெட்டிவிட்டதாகும். இரண்டையும் சேர்த்த பெயர் பான்கிரஸ்டேசியா.

கறையான் எறும்பின் உறவுதானே?

இல்லை, கரப்பானின் உறவு. இன்னும் சரியாகச் சொன்னால் கறையானே ஒரு கரப்பான். கூட்டமாக வாழப் பழகிய, மரம் தின்னும் கரப்பான். 2007-ல் வெளியான மரபணு ஆய்வுக்குப் பிறகு கறையான்களுக்கென்று இருந்த தனி வரிசை கலைக்கப்பட்டு, கரப்பான் வரிசைக்குள் சேர்க்கப்பட்டது. மழை இரவில் விளக்கைச் சுற்றும் ஈசல், சிறகு முளைத்த கறையான்.

எறும்பு வேறு கிளை. குளவி, தேனீ, எறும்பு மூன்றும் ஒரு வரிசை. அதில் தேனீயும் எறும்பும் குளவிகளிலிருந்து கிளைத்தவை.

பூச்சிகளில் எந்த வரிசை பெரியது?

வண்டுகள். பெயரிடப்பட்டவை மட்டும் மூன்றரை லட்சத்துக்கும் மேல். பொன்வண்டு, மின்மினி, நெல்லைத் துளைக்கும் அந்துவண்டு எல்லாம் இதில் அடக்கம். முன்சிறகு கடின உறையாகிப் பின்சிறகை மூடியிருப்பதே அடையாளம். ஈயும் கொசுவும் இருசிறகிகள். பின்சிறகு இரண்டும் சமநிலை காக்கும் குமிழ்களாகச் சுருங்கிவிட்டன. வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிகளின் ஒரு கிளை மட்டுமே. மூட்டைப்பூச்சி, அசுவினி, சில்வண்டு மூன்றும் குத்தி உறிஞ்சும் வாய் கொண்ட ஒரே வரிசை. சில்வண்டு பெயரில்தான் வண்டு.

மொத்தம் எத்தனை வகைக் கணுக்காலிகள் இருக்கின்றன?

பெயரிடப்பட்ட பூச்சிகள் மட்டும் சுமார் 10 லட்சம். சிலந்திகள் 2022-ல் 50,000-ஐத் தாண்டின. அறியப்பட்ட விலங்கினங்களில் ஐந்தில் நான்கு பங்கு கணுக்காலிகள். பெயரிடாதவை எவ்வளவு என்பதில்தான் சண்டை. பூச்சியியலாளர் டெர்ரி எர்வின் பனாமாவில் ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களில் பூச்சிமருந்துப் புகை அடித்து, விழுந்தவற்றில் சுமார் 1,200 வகை வண்டுகளைக் கணக்கிட்டார். அதிலிருந்து பெருக்கி, வெப்பமண்டலத்தில் மட்டும் 3 கோடி இனங்கள் இருக்கலாம் என்று 1982-ல் எழுதினார். பிற்கால மதிப்பீடுகள் அதை வெகுவாகக் குறைத்து, நிலத்தில் வாழும் கணுக்காலிகள் 70 லட்சம் அளவில் இருக்கும் என்கின்றன.

இந்த வகைப்பாட்டை யார் தொடங்கினார்கள்?

ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-ல் பூச்சி என்ற ஒரே வகுப்பில் எல்லாவற்றையும் போட்டார். அதில் சிறகில்லாதவை என்ற வரிசையில் பேன், தெள்ளுப்பூச்சி, சிலந்தி, தேள், நண்டு, பூரான் எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. லமார்க் நண்டுக் கூட்டத்தையும் சிலந்திக் கூட்டத்தையும் பிரித்தெடுத்தார். கணுக்காலி என்ற தொகுதியை அமைத்தவர் ஜெர்மானியரான சீபோல்ட், 1848-ல்.

பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே காலத்திலிருந்து மண்புழுவையும் கணுக்காலிகளையும் கண்டங்களின் அடிப்படையில் உறவாக வைத்திருந்தார்கள். 1997-ல் மரபணுவை ஒப்பிட்ட ஓர் ஆய்வு அதைப் பிரித்து, கணுக்காலிகளை உருளைப்புழுக்களோடு சேர்த்தது. இரண்டுக்கும் பொது, தோலுரிப்பது.

தொல்காப்பியத்திலேயே இந்த வகைப்பாடு இருக்கிறதாமே?

வகைப்பாடு இருக்கிறது, "இந்த" வகைப்பாடு அல்ல. மரபியல் பகுதி உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்குகிறது; சிதலும் எறும்பும் மூன்றறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு. நண்டையும் தும்பியையும் ஒரே தட்டில் வைத்திருப்பதைப் பிடித்துக்கொண்டு "அன்றே சொன்னான்" என்று கிளம்பிவிட வேண்டாம். தும்பியை வண்டென்று கொண்டாலும் தட்டான் என்று கொண்டாலும், அதற்கு நண்டைவிட எறும்பு நெருங்கிய உறவு. ஆனால் எறும்பு வேறு தட்டில் இருக்கிறது. புலன்களை அளவுகோலாக வைத்துச் செய்த கூர்மையான பகுப்பு அது. அதன் மதிப்பு அங்கேயே இருக்கிறது, மரபணுவை அதன்மேல் ஏற்ற வேண்டியதில்லை.

கணுக்காலிகளுக்கு வெளியே அவற்றுக்கு நெருங்கிய உறவு உண்டா?

வெல்வெட் புழுக்களும், எட்டுக் கால் கொண்ட நுண்ணுயிர்களான நீர்க்கரடிகளும். வெல்வெட் புழுவுக்கு மூட்டில்லாத குட்டைக் கால்கள் வரிசையாக இருக்கும். பசையைப் பீய்ச்சி இரையைப் பிடிக்கும். அருணாசலப் பிரதேசத்தின் சியாங் பகுதியில் 1911-ல் கிடைத்த ஓர் இனம், நூறு ஆண்டுகளுக்கும் மேல் கண்ணில் படாமல் இருந்து அண்மையில் மீண்டும் கிடைத்தது.

குதிரைலாட நண்டு நண்டா?

இல்லை. சிலந்தி, தேள் கூட்டம். உலகில் நான்கே இனங்கள். இரண்டு ஒடிசா, மேற்கு வங்கக் கடற்கரைகளில் வாழ்கின்றன. அதன் நீல ரத்தம் பாக்டீரியா நச்சின் சுவட்டைக் கண்டதும் உறைவதால், ஊசிமருந்துகள் தூய்மையாக உள்ளனவா என்று சோதிக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். சிலந்திக் கூட்டத்துக்கு வெளியே நிற்கும் உறவா, அல்லது அந்தக் கூட்டத்துக்குள்ளேயே பிறந்து கடலில் வாழ்வதா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இப்படி மாறிக்கொண்டே இருந்தால் தேர்வில் எதை எழுதுவது?

பாடநூலில் உள்ளதை எழுதுங்கள்; விடைத்தாள் திருத்துபவர் கையில் இருப்பது அந்தப் பாடநூல்தான். ஓடுடையவை, பூச்சிகள், சிலந்தி வகுப்பு, பல்காலிகள் என்ற பிரிவு, சந்தையிலும் தோட்டத்திலும் ஒன்றைக் கண்டு அடையாளம் சொல்ல இன்றும் உதவுகிறது. கல்லூரியில் விலங்கியல் படிப்பவர்கள் மட்டும் பூச்சிகளையும் ஓடுடையவைகளையும் பான்கிரஸ்டேசியாவுக்குள் ஒன்றாக வரைந்து, பல்காலிகளை அதற்கு வெளியே ஒரு கிளையாகவும், கொடுக்குவாயுள்ளவற்றை எல்லாவற்றுக்கும் வெளியே இன்னொரு கிளையாகவும் இடுங்கள்.